நிற்காத விக்கலும் அறிதுயிலும்

விக்கலை நிறுத்த நம் வீடுகளில் வழங்கும் கைமுறைகளைத் தொகுத்தால் ஒரு சிறுநூலே ஆகிவிடும். கைக்குழந்தைக்கு விக்கல் எடுத்தால், பாட்டி தன் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, நாவில் நனைத்துச் சுருட்டிக் குழந்தையின் உச்சியில் ஒட்டிவிடுவாள். பள்ளிப் பிள்ளைக்கு வேறு முறை. "டேய், அஞ்சறைப் பெட்டியில வெச்சிருந்த காச நீதான எடுத்த?" என்று திடீரென்று ஒரு பழியைச் சுமத்துவார்கள். பிள்ளை திகைத்து, "நான் எடுக்கலம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் விக்கல் போயிருக்கும். பெரியவர்களுக்கோ மூச்சுவிடாமல் ஏழு மடக்குத் தண்ணீர், ஒரு கரண்டிச் சர்க்கரை, அல்லது "பத்து ரூபா தரேன், இன்னொரு வாட்டி விக்கிக் காட்டு" என்னும் பந்தயம். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிலும் கடலூர், விழுப்புரம் பக்கத்திலும் இந்த முறைகளுள் ஒன்றையேனும் அறியாத வீடு இராது. யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லி, நெருங்கியவர் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூறிப் பார்ப்பவர்களும் உண்டு. சரியான பெயர் வாயில் வந்ததும் விக்கல் நின்றுவிடுமாம்.

இம்முறைகள் யாவும் வெற்றி பெறுகின்றன. ஐயம் அங்கேதான் எழ வேண்டும். இயல்பான விக்கல் சில நிமிடங்களில் தானாக அடங்கும் தன்மையது. தானாக அடங்கும் எதற்கும், அது அடங்குவதற்குச் சற்றுமுன் செய்த செயலே மருந்தாகத் தோன்றும். நூல் ஒட்டிய பாட்டியும் பெயர்களை அடுக்கிய பேத்தியும் ஒரே அளவு சான்றைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். ஒரு முறை உண்மையிலேயே விக்கலை நிறுத்துகிறதா என்று அறிய வேண்டுமாயின், நிற்க மறுக்கும் விக்கலிடம்தான் அதைக் கொண்டுசெல்ல வேண்டும். அத்தகைய விக்கல் உண்டு. நாள்கணக்கில், திங்கள்கணக்கில், அரிதாக ஆண்டுக்கணக்கிலும் அது நீள்கிறது. அறிதுயில் (ஹிப்னாசிஸ்) என்னும் உளமருத்துவ முறை இதில் என்ன செய்ய இயலும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் விக்கலின் உடலியக்கத்தைக் காண்போம். நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே குடைபோல் வளைந்து கிடக்கும் தசைத்தட்டு உதரவிதானம். அதுவும் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் நம் விருப்பமின்றித் திடீரெனச் சுருங்கும்போது காற்று விரைந்து உள்ளே பாய்கிறது. பாய்ந்த காற்று நெஞ்சை நிறைப்பதற்குள், பாகூர் ஏரியின் மதகுப்பலகை ஓடும் நீரின்மேல் விழுவதுபோல், குரல்வளையின் வாய் சட்டென்று மூடிக்கொள்கிறது. அந்த மூடலின் ஒலியே 'விக்'. தசை சுருங்கத் தொடங்கியதற்கும் குரல்வளை மூடுவதற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 35 மில்லிநொடி. இங்கிலாந்து நரம்பியல் மருத்துவர் ஜான் நியூசம் டேவிஸ் 1970இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்து காட்டினார். குருதியில் கரியமிலக் காற்றின் அளவு ஏறினால் விக்கலின் விரைவு குறைகிறது என்பதையும் அவர் கண்டார். மூச்சை அடக்கித் தண்ணீர் குடிக்கும் கைமுறைக்கு இவ்வகையில் ஓர் அறிவியல் அடிப்படை இருக்கிறது. பாட்டியின் நூலுக்கு அதுவும் இல்லை.

இவ்வியக்கம் ஓர் அனிச்சை வளையம். வயிறு, உணவுக்குழல், நெஞ்சு, காது ஆகியவற்றிலிருந்து எழும் தூண்டல்கள் வேகஸ் எனப்படும் பத்தாம் மூளை நரம்பு வழியாகவும், கழுத்துத் தண்டுவடத்திலிருந்து இறங்கும் உதரவிதான நரம்பு வழியாகவும் மேலேறுகின்றன. மூளைத்தண்டில் அவை ஒன்றுகூட, அங்கிருந்து வரும் ஆணை மீண்டும் உதரவிதான நரம்பின் வழியே இறங்குகிறது. வளையத்தின் எந்த இடத்தில் உறுத்தல் நேர்ந்தாலும் விக்கல் வரும். காதுச் சவ்வை ஓயாமல் தொட்டுக்கொண்டிருந்த ஒற்றை மயிர் நீண்டநாள் விக்கலுக்குக் காரணமாகி, அதை எடுத்ததும் விக்கல் நின்ற நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வேகஸ் நரம்பின் ஒரு சிறு கிளை காதுக்கும் வருவதே இதற்குக் காரணம்.

இந்த வளையம் ஏன் நம்மிடம் இருக்கிறது? விக்கலால் உடலுக்கு விளையும் நன்மை எதுவும் வெளிப்படையாகத் தெரியவில்லை. கரு ஒன்பது வாரம் வளர்ந்த நிலையிலேயே விக்கத் தொடங்கிவிடுகிறது. குறைமாதக் குழந்தைகள் ஒரு நாளில் ஏறத்தாழக் கால்மணி நேரம் விக்குகின்றன. 2003இல் பாரிசின் பித்தியே-சால்பெத்ரியே மருத்துவமனையைச் சேர்ந்த கிறிஸ்தியான் ஸ்திராஸ் குழுவினர் துணிவான ஒரு கருதுகோளை முன்வைத்தனர். தலைப்பிரட்டைகள் நீரைச் செவுள்வழி தள்ளும்போது, நீர் நுரையீரலுக்குள் புகாதபடி குரல்வளையை மூடிக்கொள்கின்றன. அந்தப் பழைய நரம்பு இணைப்பே பாலூட்டிகளிடம் விக்கலாக எஞ்சியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. 2012இல் வேறொருவர், பால் குடிக்கும் குட்டியின் வயிற்றில் சேரும் காற்றை வெளியேற்ற உதவும் செயலே விக்கல் என்றார். இரண்டும் அழகான கருதுகோள்கள். நோயர் படுக்கையருகே இரண்டாலும் இன்னும் பயனில்லை.

48 மணி நேரத்தைக் கடந்த விக்கலை 'நீடித்த விக்கல்' என்றும், ஒரு திங்களைக் கடந்ததை 'அடங்கா விக்கல்' என்றும் மருத்துவர் வகுப்பர். இவ்விரண்டும் பெண்களைவிட ஆண்களிடம் பன்மடங்கு மிகுதி. நீடித்த விக்கலைக் கண்டு முதியோர் அஞ்சுவது அறியாமையன்று. திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் 335ஆம் குறள், நா அடங்கி விக்குள் மேலெழும் நேரத்தை இறப்பின் வாயிலாகவே காட்டுகிறது. சிறுநீரகம் செயலிழந்து குருதியில் கழிவுகள் தேங்கும்போது விக்கல் எழும் என்பதை இன்றைய மருத்துவமும் அறியும். மூளைத்தண்டின் பக்கவாட்டில் குருதியோட்டம் தடைப்பட்டு வரும் பக்கவாதம், இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பு, குருதியில் உப்புச்சத்துக் குறைவு, உணவுக்குழலில் ஏறும் வயிற்று அமிலம், மூளைத்தண்டையும் பார்வை நரம்பையும் தாக்கும் ஒருவகை நரம்பழற்சி ஆகியனவும் முதல் அறிகுறியாக விக்கலைக் காட்டக்கூடும். மருந்துகளாலும் வரும். வீக்கத்தையும் குமட்டலையும் குறைக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் அவற்றுள் பெயர்பெற்றது.

புதுச்சேரிப் பகுதிக்கே உரிய ஓர் இடர் இங்கு உண்டு. சாராயக்கடைகள் இங்கே சட்டப்படி இயங்குபவை. குடித்தவன் விக்குவதை ஊரே பார்த்துப் பழகியிருக்கிறது. வயிறு உப்புவதாலும் உணவுக்குழல் எரிவதாலும் குடிக்குப்பின் விக்கல் வருவது உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கத்தாலேயே, ஐம்பது வயதைக் கடந்த ஒரு வேளாண் தொழிலாளி மூன்று நாளாக விக்கினாலும், "ஊத்திக்கிட்டு வந்திருக்கு, தெளிஞ்சா சரியாயிடும்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். நீரிழிவும் குருதியழுத்தமும் பரவிவிட்ட இந்நாளில், அதே மனிதருக்குச் சிறுநீரகம் பழுதுற்றிருக்கலாம்; சிறிய பக்கவாதமே வந்திருக்கலாம். விக்கலை எளிதாகக் கொள்ளும் இந்தப் போக்கு, அதைக் கண்டு அஞ்சுவதைவிடக் கேடானது என்பது என் கருத்து. இரண்டு நாள் கடந்த விக்கலோடு வில்லியனூர், பாகூர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கோ கரிக்கலாம்பாக்கம் சமுதாய நலவழி மையத்துக்கோ சென்றால் மருத்துவர் செய்வது பெரிய செலவில்லாத வேலைதான். இதயமின்வரைவு ஒன்று, குருதியில் யூரியாவும் கிரியாட்டினினும் உப்புச்சத்தும் சர்க்கரையும், காதுக்குள் ஒரு பார்வை, உண்ணும் மருந்துகளின் பட்டியல், கண்ணசைவும் நடையும் பேச்சும் சரியா என்னும் நரம்புத் தேர்வு. ஐயம் எழுந்தால் கோரிமேட்டு ஜிப்மருக்கு அனுப்புவர்.

உறங்கும்போதும் விக்கல் தொடர்கிறதா என்றும் மருத்துவர் கேட்பார். நோயரின் மனைவியோ மகளோதான் இதற்கு விடை சொல்ல வேண்டும். உறக்கத்தில் முற்றிலும் நின்று, விழித்ததும் தொடங்கும் விக்கலில் உள்ளத்தின் பங்கு இருக்க வாய்ப்பு மிகுதி. உறக்கத்தையும் கிழித்துக்கொண்டு வரும் விக்கலுக்கு உடலில் ஏதோ ஒரு வேர் இருக்கக்கூடும். இது முடிந்த முடிபன்று, வழிகாட்டி மட்டுமே. எனினும் படம்பிடிக்கும் பொறிகள் இல்லாத இடத்தில் இந்த ஒரு கேள்வியின் மதிப்பு பெரிது.

காரணம் தெரிந்தால் அதற்கே மருத்துவம். தெரியாவிடில் மருந்துகள் சில உண்டு. உளமருத்துவத்தில் புகழ்பெற்ற குளோர்புரோமசின், தசை இறுக்கம் தளர்த்தும் பாக்லோஃபென், நரம்பு வலிக்குத் தரும் கேபபென்டின், வயிற்றை விரைந்து வெறுமையாக்கும் மெட்டோகுளோபிரமைடு. இவை பலருக்குப் பயன்தரும், சிலருக்குத் தரா. குளோர்புரோமசின் முதியவர்களின் குருதியழுத்தத்தைத் தாழ்த்தி, எழுந்து நிற்கும்போது தள்ளாட வைக்கும். சிறுநீரகம் நலிந்தவர்க்குப் பாக்லோஃபென் உடலில் தேங்கி மயக்கத்தில் ஆழ்த்தும். மருந்தால் அடங்காத விக்கலுக்கு மனிதர் எதையெல்லாம் முயன்றிருக்கிறார்கள் என்பதற்கு எல்லையில்லை. அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் ஃபெஸ்மயர் 1988இல் குதவாயில் விரலிட்டு நீவுவதன் மூலம் வேகஸ் நரம்பைத் தூண்டி விக்கலை நிறுத்தியதை எழுதினார். 2006இல் அதற்கு நகைச்சுவை நோபல் எனப்படும் இக் நோபல் பரிசும் பெற்றார். சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அவர் தொட்டது அதே வளையத்தைத்தான். ஐயோவா மாநிலத்துச் சார்லசு ஓசுபோர்ன் என்பவருக்கு 1922இல் தொடங்கிய விக்கல் 1990 வரை நீடித்தது. எந்த மருத்துவமும் அவரிடம் செல்லவில்லை. 68 ஆண்டுக்குப்பின் அது தானாகவே நின்றது. நின்ற நாளுக்கு முந்தின நாள் யாரேனும் அவர் உச்சியில் ஒரு நூலை ஒட்டியிருந்தால், அந்த நூல் இன்று உலகப்புகழ் பெற்றிருக்கும்.

இனி அறிதுயிலுக்கு வருவோம். இதன் வரலாற்றில் இந்தியத் துணைக்கண்டத்துக்கும் பிரான்சுக்கும் பங்கு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் நெடுநாள் இருந்த மண்ணில் வாழ்வோர்க்கு அதனை அறிவதில் தனிச்சுவை இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மெசுமர் என்பார் பாரிசில், கண்ணுக்குத் தெரியாத காந்த நீர்மமொன்று தம் கையிலிருந்து நோயருக்குப் பாய்வதாகக் கூறி மருத்துவம் பார்த்தார். 1784இல் மன்னர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும் வேதியியலறிஞர் இலவாய்சியரும் இருந்தனர். நோயரின் கண்களைக் கட்டி, காந்தம் ஏற்றப்பட்டதாக அவர்களை நம்பவைத்தும் ஏற்றியதை மறைத்தும் குழு ஆராய்ந்தது. நீர்மம் எதுவும் இல்லை, நிகழ்ந்தவை கற்பனையின் விளைவே என்று முடிவு கூறிற்று. சோதனை அருமையானது. ஆனால் கற்பனைக்கு உடலை அசைக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்னும் பெரிய கேள்வியைக் குழு அப்படியே விட்டுச் சென்றது.

அதை எடுத்துக்கொண்டவர் கோவாவைச் சேர்ந்த ஒரு பாதிரியார். 1756இல் காந்தோலிமில் பிறந்த ஜோசே குஸ்தோதியோ தெ பரியா, 1813இல் பாரிசில் பொதுமக்கள்முன் அறிதுயிலை நிகழ்த்திக் காட்டினார். காந்தக்கோலோ நீர்மமோ அவர் கையாளவில்லை. அமர்ந்திருப்பவரை உற்றுப்பார்த்து, 'தூங்குங்கள்' என்று சொல்வார். பலர் அந்நிலையை அடைந்தனர். ஆற்றல் துயிலச் செய்பவரிடம் இல்லை, துயில்பவரின் எதிர்பார்ப்பிலும் உளக்குவிப்பிலுமே உள்ளது என்று அவர் ஒரு நூலில் எழுதினார். அந்நூல் வெளிவந்த 1819ஆம் ஆண்டிலேயே இறந்தும் போனார். அதற்கு நான்கு ஆண்டுக்குப்பின், 1823இல், பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியையே இன்றைய ஜிப்மர் தன் வேராகக் கொள்கிறது. 1845 முதல் வங்காளத்தின் ஊக்ளியில் இசுகாட்லாந்து மருத்துவர் ஜேம்சு எசுடெயில், இம்முறையால் வலி தெரியாமல் பெருங்கட்டிகளை அறுத்தெடுத்தார். 1847இல் குளோரோஃபார்ம் வந்ததும் அம்முயற்சி மங்கிற்று. மயக்கமருந்து எல்லார்க்கும் ஒன்றுபோல் பயன்பட்டது, அறிதுயில் அப்படியன்று.

பின்னர்ப் பிரான்சில் இரு சிந்தனைப் பள்ளிகள் மோதின. பாரிசின் சால்பெத்ரியே மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் சார்க்கோ, அறிதுயிலை நரம்புநோயாளர்க்கே உரிய நோய்நிலை என்றார். நான்சி நகரத்தின் லியெபோவும் பெர்னைமும் அது நலமுள்ளோர் யாவரிடத்தும் உள்ள கருத்தேற்கும் இயல்பே என்றனர். காலம் நான்சியின் பக்கம் நின்றது. சார்க்கோ தம் இறுதிக்காலத்தில், 1892இல், நலமளிக்கும் நம்பிக்கை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உலூர்து திருத்தலத்தில் நலம்பெற்றோரைப் பற்றிய பேச்சு பிரான்சு முழுவதும் பரவியிருந்த காலம் அது. நம்பிக்கையால் நீங்கும் நோய்கள் உண்டென்று ஒப்புக்கொண்டு, அதன் எல்லைகளை வரைய அவர் முயன்றார். அக்கட்டுரைக்கு முன்னரே, 1870களில், வில்லியனூரில் உலூர்து அன்னைக்குத் திருத்தலம் எழுந்துவிட்டது. அதன் குளக்கரைக்கு மதவேறுபாடின்றி மக்கள் இன்றும் வருகிறார்கள். பக்தியை ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி அளப்பது இக்கட்டுரையின் வேலையன்று. எதிர்பார்ப்பும் ஊன்றிய கவனமும் மூச்சையும் இதயத்துடிப்பையும் வலியையும் மாற்றவல்லவை என்பதற்கு மருத்துவம் வெளியூர்ச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன்.

விக்கலுக்கு அறிதுயிலைப் பயன்படுத்திய பதிவுகள் பெரும்பாலும் 1950களிலும் 1960களிலும் அமெரிக்க ஏடுகளில் வந்தவை. வழக்கமான மருந்துகள் தோற்ற பின்னர் அறிதுயிலால் விக்கல் நின்ற சில நோயர்களை அவை விவரிக்கின்றன. 1966இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வந்த ஒரு குறிப்பு குறிப்பிடத்தக்கது. பெருந்தமனிக்கும் சிறுநீரகத் தமனிக்கும் இடையே ஒட்டுக்குழாய் பொருத்தப்பட்ட ஒருவருக்கு, அறுவைக்குப்பின் விக்கல் ஓயவில்லை. புதிதாகத் தைத்த வயிறு ஒவ்வொரு விக்கலிலும் அதிரும். தையல் விடும், உறக்கம் கெடும், உண்ண இயலாது. மருந்துகளை மேன்மேலும் ஏற்றத் தயங்கும் அந்நிலையில் அறிதுயில் கைகொடுத்தது என்று மருத்துவர் எழுதினர். அறிதுயிலின் உண்மையான இடம் இதுதான் என்று தோன்றுகிறது: காரணம் அறிந்து, செய்ய வேண்டியவற்றைச் செய்து, எஞ்சிய விக்கல் உடலை வருத்திக்கொண்டிருக்கும் இடம்.

அமர்வு எப்படி நடக்கும்? திரைப்படத்தில் காட்டுவதுபோல் சங்கிலியில் கடிகாரம் ஆடுவதில்லை, நோயர் நினைவிழப்பதுமில்லை. சொல்வதெல்லாம் கேட்கும், விரும்பாததைச் செய்ய மாட்டார், வேண்டும்போது எழுந்து போகலாம். பாகூர்ப் பக்கத்து வேளாளர் ஒருவர் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். சாய்ந்த நாற்காலி, இடுப்பு வேட்டி தளர்த்தப்பட்டிருக்கிறது, சுவரில் ஒரு புள்ளியை நோக்குகிறார். இமை கனத்ததும் மருத்துவர் தாழ்ந்த குரலில், "கண்ணை மூடிக்குங்க ஐயா. மூச்சு வெளியே போவுது; போவட்டும், நீங்க தள்ளாதீங்க. விக்கல் வந்தா வரட்டும், அதுகூடச் சண்டை வேணாம்" என்கிறார். வெளிமூச்சு உள்மூச்சைவிட நீள வேண்டும் என்பதே முதல் இலக்கு. பிறகு நோயருக்குப் பழகிய ஓர் இடத்தை மனக்கண்ணில் விரிக்கச் சொல்வார். ஏரிக்கரை ஆலமர நிழலோ, மோட்டார்க் கொட்டகைத் தொட்டியில் விழும் குளிர்ந்த நீரோ, அவர் வாழ்விலிருந்தே அது வர வேண்டும். கடற்கரையையே விரும்பாத ஒருவருக்கு அலையோசையை விரித்துரைப்பதால் பயன் இல்லை. விலாவுக்கடியில் ஒரு வெதுவெதுப்பு பரவுவதாகவும், விக்கலுக்கும் விக்கலுக்கும் இடையே உள்ள அமைதி நீள்வதாகவும் அடுத்துச் சொல்வார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'விக்கல் வராது' என்று ஆணையிட்டால் நோயர் அடுத்த விக்கலை எதிர்நோக்கியே காத்திருப்பார். காத்திருப்பே அதை அழைக்கும். ஆகவே நல்ல மருத்துவர் இடைவெளியைப் பற்றிப் பேசுவார், விக்கலைப் பற்றியன்று. சிலர் விக்கலை வேண்டுமென்றே வரவழைக்கச் சொல்லி, தானாக வந்ததை நோயரின் ஆளுகைக்குள் கொண்டுவருவர். பத்து ரூபாய்ப் பந்தயம் கட்டும் ஊர்ப்பெரியவரும் அறிந்தோ அறியாமலோ இதைத்தான் செய்கிறார். குளிர்ந்த நீரைத் திடீரென்று தெளித்தல், அச்சுறுத்தல், வியப்பூட்டல், சினமூட்டல், மகிழ்வூட்டல் ஆகியவற்றை விக்கலுக்கு மருந்தாகச் சரக சங்கிதை கூறுவதும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. எல்லாம் கவனத்தைப் பிடித்துத் திருப்பும் முறைகள். அறிதுயில் அதையே மெல்ல, வெருட்டாமல், நெடுநேரம் செய்கிறது. அமர்வின் முடிவில், வீட்டில் தாமே இந்நிலையை அடைய நோயருக்குப் பயிற்சி தரப்படும். அந்தப் பயிற்சி இல்லையேல் அமர்வின் பயன் வாயிற்படியோடு நின்றுவிடும்.

இது ஏன் பயன்தரக்கூடும் என்பதற்கு உடலியக்கம் சில விடைகள் தருகிறது. நம் உடலில் மூச்சு தானாகவும் நடக்கிறது, நாம் நடத்தவும் இசைகிறது. மூளைப்புறணியிலிருந்து உதரவிதானத்துக்கு நேர்வழியொன்று இருப்பதாலேயே நாம் மூச்சடக்கவும் பாடவும் பேசவும் முடிகிறது. ஆழ்ந்த கவனத்தில் சீராக்கப்பட்ட மூச்சு, மூளைத்தண்டின் தடுமாறிய தாளத்தின்மேல் தன் தாளத்தை ஏற்ற வழியிருக்கிறது. அடுத்தது அச்சச் சுழல். விக்கலுக்கு அஞ்சியவர் நெஞ்சால் அரைமூச்சு விடுவார், காற்றை விழுங்குவார். விழுங்கிய காற்று வயிற்றை உப்பச்செய்யும். உப்பிய வயிறு மீண்டும் விக்கலைத் தூண்டும். அச்சத்தைத் தணிப்பது இச்சுழலை ஓரிடத்தில் அறுப்பதாகும். செரிமான உறுப்புகளின் இயக்கம் அறிதுயிலுக்கு இணங்கும் என்பதற்கு வேறிடத்தில் வலுவான சான்று உண்டு. 1984இல் மான்செசுட்டரில் பீட்டர் ஓர்வெல், மருந்துகளுக்கு இணங்காத குடல் எரிச்சல் நோயினர் 30 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, அறிதுயில் பெற்றவர்கள் மிகத் தெளிவாக நலமடைந்ததை இலான்செட் ஏட்டில் வெளியிட்டார். குடலுக்கு அம்முறை இன்று ஏற்கப்பட்ட மருத்துவங்களுள் ஒன்று.

குடலுக்கு உள்ள சான்று விக்கலுக்கு இல்லை. தனித்தனி நோயர் பற்றிய குறிப்புகளே கையில் உள்ளன. வெற்றி பெற்றவர் எழுதுவார், தோற்றவர் எழுத மாட்டார். அடங்கா விக்கலும் என்றேனும் தானாக நிற்கக்கூடியதே என்பதை ஓசுபோர்ன் காட்டிவிட்டார். அன்று எந்த மருத்துவம் அருகிலிருந்ததோ அதற்குப் புகழ் போகும். மேலும் நோயர்கள் பெரும்பாலும் மருந்துகளும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். 2013இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, நீடித்த விக்கலுக்கான ஒப்பீட்டு ஆய்வுகளைத் தேடியபோது ஏற்கத்தக்கவையாக நான்கையே கண்டது. நான்கும் குத்தூசி மருத்துவம் பற்றியவை, நான்கும் பிழை நிறைந்தவை. அறிதுயில் பற்றி ஒன்றுகூட இல்லை. மருந்துகளின் நிலையும் இதைவிடப் பெரிதாக உயர்ந்ததன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் அறிதுயிலுக்கு ஒரே அளவில் இணங்குவதுமில்லை. சிலர் எளிதில் ஆழ்வர். சிலர் எவ்வளவு முயன்றாலும் கண்ணை மூடி அமர்ந்திருப்பதோடு சரி. அது அறிவின் குறைவோ மனவலிமையின் நிறைவோ அன்று. உயரம், நிறம் போன்றதோர் இயல்பு.

வில்லியனூரிலோ பாகூரிலோ விக்கலுக்கு அறிதுயில் என்று தனி மருத்துவப்பிரிவைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. மனநல மருத்துவரும் பயிற்சி பெற்ற உளவியலாளரும் உள்ள மருத்துவக் கல்லூரிகள் எட்டிய தொலைவிலேயே இருக்கின்றன. பாகூர் கொம்யூனுக்குள்ளேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. அறிதுயிலின் நெருங்கிய உறவான மூச்சுப்பயிற்சியும் இங்கே மருத்துவமாகவே பயிலப்படுகிறது. ஜிப்மரில் 2008இல் யோக மருத்துவத்துக்கென உயராய்வு மையம் ஏற்பட்டது; பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியோடு இணைந்து யோக மருத்துவப் பிரிவு இயங்குகிறது. வெளிமூச்சை நீட்டுதல், வயிற்றால் மூச்சுவிடுதல், உடலைப் பகுதி பகுதியாகத் தளர்த்துதல் ஆகியவற்றைப் பயிற்றுவிப்பவர்க்கும் அறிதுயில் மருத்துவர்க்கும் அமர்வின் முற்பாதி பொதுவானது. திருவிழா மேடையில் இளைஞர்களை ஆட்டுவிக்கும் மனவசியக்காரருக்கும் இவர்களுக்கும் பெயரளவில் மட்டுமே உறவு. சுவரொட்டியில் எல்லா நோய்க்கும் தீர்வு என்று எழுதியிருப்பவரிடம் விக்கலோடு போனால், இழப்பது பணம் மட்டுமன்று, பக்கவாதத்துக்கு மருத்துவம் பார்க்கக் கிடைத்த நேரமும்தான். மனப்பிறழ்வு உள்ளோர்க்கு மனநல மருத்துவரைக் கேளாமல் அறிதுயில் செய்தலும் கூடாது.

இதை முறையாக ஆராய விரும்பும் இளம் மருத்துவர்க்குக் களம் திறந்தே கிடக்கிறது. நீடித்த விக்கல் அரிதாகையால் ஒரு மருத்துவமனையின் நோயர் போதார். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம், சிதம்பரம் மருத்துவமனைகள் சில ஆண்டுகள் இணைந்து பணியாற்ற வேண்டும். 48 மணியைக் கடந்தவர்களை மட்டும் சேர்த்து, காரணத்தை முழுதும் தேடிய பின்னர், எல்லார்க்கும் ஒரே மருந்தைத் தொடர வேண்டும். அவர்களுள் குலுக்கலால் தேர்ந்த பாதிப்பேருக்கு அறிதுயிலும், மறுபாதிக்கு அதே மருத்துவர் அதே நேரம் அமர்ந்து பேசும் உரையாடலும் அளிக்கலாம். இரண்டாவது பிரிவு மிக இன்றியமையாதது. பரிவோடு ஒருவர் அருகிலிருந்ததன் பயனை அறிதுயிலின் கணக்கில் எழுதிவிடாமல் அதுவே காக்கும். விக்கலை எண்ணப் பெரிய கருவிகள் வேண்டா. தொண்டையருகே ஒரு சிறு ஒலிவாங்கியும் இரவுபகல் ஒலிப்பதிவும் போதும். பதிவைக் கேட்டு எண்ணுபவர், எந்த நோயருக்கு எது அளிக்கப்பட்டது என்று அறியாதவராயிருக்க வேண்டும். விக்கல் நின்ற நாளோடு கணக்கை முடித்துவிடாமல், ஒரு திங்கள் கழித்தும் அவர் வீட்டுக்குச் சென்று கேட்டு எழுத வேண்டும்.